அம்மா கைமணம் போதும், அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போங்கள்



அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். நீங்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் திரும்பிவிட்டீர்கள். ஊரில் இருக்கும்போது சொன்னால் நல்ல நாளும் அதுவுமாக மனசு சங்கடப்படும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஒரு பீரியட் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

இந்தத் திருவிழா நாட்களில் நீங்கள் போட்ட படங்களை ஒன்று விடாமல் பார்த்தேன். வாழை இலை, அதில் மட்டன் சுக்கா, அயிரை மீன் குழம்பு, ஓரத்தில் அப்பளம். கீழே "அம்மா கைமணம்", "இதுக்குத்தான் ஊருக்கு வர்றது", நாலு இதயம், ரெண்டு கண்ணீர் முகம். முப்பது படத்துக்கு மேல் எண்ணினேன். ஒன்றில்கூட அம்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு படத்தில் மட்டும் கரண்டி பிடித்த கை ஓரமாகத் தெரிந்தது. அந்த வளையலை வைத்துத்தான் எந்த வீட்டு அம்மா என்று கண்டுபிடித்தேன்.

அந்த அயிரை மீனைக் கழுவி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, பாலிலோ தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்பு போட்டு உரசி, ஏழெட்டுத் தண்ணீர் மாற்றவேண்டும். குனிந்தே செய்யவேண்டிய வேலை. செய்தவர் வயது அறுபத்தேழு. மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவர், மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்களுக்கு இட்லி ஊற்றினார். நீங்கள் வந்தது விடுமுறைக்கு. அவருக்கு அந்தப் பத்து நாளும் கூடுதல் வேலை.

இதையெல்லாம் வேறு ஏதாவது ஊரில் செய்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஓட்டல் இல்லை, கடை இல்லை, என்ன செய்வது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மதுரையில் இருந்துகொண்டு செய்கிறீர்கள். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விவரித்திருக்கிறார். பகலுக்கு ஒரு கடைவீதி, இரவுக்கு ஒரு கடைவீதி. பண்டம் விற்பவர்களையும் அவர் விடவில்லை. அன்றைக்கே ராத்திரி அடுப்பு எரிந்த ஊர் இது. இன்றைக்கும் ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாருங்கள், இட்லிச் சட்டியில் ஆவி பறக்கும். சிம்மக்கல் பக்கம் போனால் கறிதோசை: கீழே கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். சாயங்காலமானால் தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கும் ஏலமும் கருப்பட்டியும் மணக்கும். முள்ளுமுருங்கை வடை, பொடி தூவி. பன் புரோட்டா. நாலு சட்னியோடு பஞ்சு மாதிரி இட்லி.

இத்தனையும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நாற்பது வருடம் குடியிருந்துவிட்டு, கறிதோசையைக் கடையில் உட்கார்ந்து சூடாகத் தின்றதே இல்லை என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். ஒருவர் இருவர் இல்லை. "சாப்பிட்டிருக்கேன் டீச்சர், அவர் பார்சல் வாங்கிட்டு வருவார்" என்பார்கள். மடித்து, ஆறி, தொப்பலாக வியர்த்த தோசை. அதையும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு மிஞ்சின துண்டு.

ஏன் இப்படி? பெண்களுக்கு வெளிச்சாப்பாட்டில் ஆசை இல்லாததாலா? வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நம் பக்கத்து ஓட்டல்களில் யார் உட்காரலாம் என்பது என்றைக்குமே சண்டை போட்டு வாங்கிய விஷயம். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயரோடு கக்கனும் மற்றவர்களும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனதை உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். கோயில் கதவு திறந்த பிறகும் சாப்பாட்டுக் கடைக் கதவு சுலபமாகத் திறக்கவில்லை. பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன்னால் போராட்டம் நடத்தினார். தினம் ஆட்கள் கைதாகிப் போனார்கள். டீக்கடையில் தனிக் குவளை என்பது அதற்கும் பிறகு, நம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் இருந்தது.

அந்தச் சண்டைகளில் ஆண்கள் ஜெயித்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நல்லது. பெண்களுக்கு என்ன கிடைத்தது? 'பேமிலி ரூம்'. நினைவிருக்கிறதா? அழுக்குத் திரை போட்ட, மின்விசிறி சரியாகச் சுற்றாத, சமையற்கட்டுக்குப் பக்கத்து அறை. புருஷனோ அண்ணனோ கூட வந்தால் அந்தத் திரைக்குள் உட்காரலாம். தனியாக ஒரு பெண் வந்து ஒரு காபி சாப்பிட்டால் கல்லாவில் இருப்பவரிலிருந்து மேசை துடைக்கிற பையன்வரை திரும்பிப் பார்ப்பார்கள். பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து போனாலே அந்தப் பார்வை விழும். 'வீட்டுல சமைக்கத் தெரியாதவளா' என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். திரை கிழிந்து போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை. "எங்கம்மா வெளியே சாப்பிட மாட்டாங்க" என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தப் பெருமையின் ஊற்று இதுதான்.

என் அம்மா மில் தொழிலாளி வீட்டுப் பெண். ஏழு பேருக்கு வடித்துக் கொட்டியவர். எனக்கு வேலை கிடைத்து முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஓட்டலுக்கு அவரைக் கூட்டிப்போனேன். பேமிலி ரூமுக்குப் போகாமல் நடுக்கூடத்திலேயே உட்காரவைத்தேன். நெய் ரோஸ்ட் வந்தது. அம்மா சாப்பிடாமல் என் தட்டில் என்ன இருக்கிறது, சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ சாப்பிடும்மா, பார்த்துக்க ஆள் இருக்கு" என்றேன். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கழுவ. சர்வர் பதறிப்போய் வாங்கிக்கொண்டார். ரோட்டுக்கு வந்த பிறகு, "காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தேன், நல்லா இருந்துச்சுடி" என்றார். தோசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதச் சம்பளத்தன்று எங்கள் இருவருக்கும் அது வழக்கமாகிவிட்டது. கடைசிக் காலத்தில் அவரே, "இன்னிக்குப் பூரி சொல்லு, கிழங்கு நிறைய வைக்கச் சொல்லு" என்று அதிகாரமாகச் சொல்லும் அளவுக்கு வந்தார். அந்த அதிகாரம் அவர் சமையற்கட்டில் ஒரு நாளும் தனக்காகக் காட்டாதது.

இப்போது உங்கள் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"சமைக்க வேண்டாம்னு சொல்லி ஆன்லைன்ல வரவழைச்சோமே டீச்சர்." வந்தது. பிரித்தது யார்? டப்பாவிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றியது யார்? சாம்பார் பொட்டலத்துக்குக் கிண்ணம் தேடியது, ஆறிவிட்டது என்று சூடு பண்ணியது, கடைசியில் பாத்திரம் தேய்த்து, எண்ணெய் டப்பாக்களைக் கழுவி எடுத்துவைத்தது? பார்சல் வந்தால் அடுப்பு வேலைதான் குறையும். பரிமாறுகிறவர் மாறமாட்டார்.

"பெரிய ஏசி ஓட்டலுக்குக் கூட்டிப்போனோமே." அதையும் பார்த்தேன். பைபாஸ் பக்கம், விளக்கை அணைத்தாற்போன்ற ஒரு கூடம். மெனு கார்டு கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கிற கட்டத்தைப் போனில் காட்டச் சொல்கிறார்கள். போனில் விரிவது முழுக்க ஆங்கிலம். அம்மா கண்ணாடியை மாட்டி, கழற்றி, கடைசியில் "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எனக்கும் சொல்லுங்கப்பா" என்கிறார். தமிழ்நாட்டில், தன் சொந்த ஊரில், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்க மகன் துணை தேவைப்படுகிற நிலைமைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்துவிட்டு, அதற்கு ஆயிரக்கணக்கில் பில்லும் கட்டுகிறீர்கள். மாசி வீதியில் ஒரு சாதாரணக் கடைக்குப் போயிருந்தால் சர்வர் ஒரே மூச்சில் பதினைந்து பலகாரத்தை ஒப்பித்திருப்பார். என் வகுப்பில் ஒருவரும் வாய்ப்பாட்டை அவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை. அம்மா நடுவில் நிறுத்தி, "ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கா?" என்று கேட்டிருப்பார்.

உடம்புக்கு ஒத்துக்காது என்கிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எனக்கும் உண்டு. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் எந்த டாக்டரும் தடை போடவில்லை. கூட்டம் போகிற கடையாகப் பாருங்கள், சூடாக இறக்குவதைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

என் மாணவன் ஒருவன் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டான்: "கடையில சமைக்கிறதும் ஒரு அம்மாதானே டீச்சர், அவங்க கஷ்டம் கஷ்டம் இல்லையா?" நல்ல கேள்வி. ரோட்டோர இட்லிக்கடை நடத்துகிற பெண்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த இட்லிக்கு விலை இருக்கிறது. அந்த அக்கா மாவு தீர்ந்ததும் கடையைக் கட்டிவிட்டுப் போவார். வந்த காசு அவர் சுருக்குப்பையில் இருக்கும். "இன்னிக்குக் கடை லீவு" என்று அவரால் சொல்ல முடியும். உங்கள் அம்மாவால் சொல்ல முடியுமா? பேரம் பேசாமல் அவருக்குப் பணத்தைக் கொடுங்கள், சில்லறையைத் திருப்பிக் கேட்காதீர்கள். இரண்டு அம்மாக்களுக்கும் நல்லது.

"பிள்ளைகளுக்குச் செய்யறது எங்களுக்குச் சந்தோஷம்" என்று என் சொந்த அண்ணியே என்னிடம் சண்டைக்கு வந்தார். அண்ணி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சந்தோஷத்தை நான் பிடுங்கவில்லை. வந்த முதல் நாள் செய்யுங்கள், ஆசை தீர ஊட்டிவிடுங்கள். மீதி ஒன்பது நாளும் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289. பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டு அடுத்த வரியைப் பார்த்தேன். ஆண்களுக்கு 88. அவர்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்! ஐந்து வருடத்தில் இடைவெளி சுருங்கியது ஒரே ஒரு நிமிடம். மிக்சி, கிரைண்டர், குக்கர் எல்லாம் வந்தும் ஒரு நிமிடம்.

ஆகவே அடுத்த முறை வரும்போது இப்படிச் செய்யுங்கள். ஊரில் இருக்கிற நாட்களில் பாதி நாள் ராத்திரி வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அம்மாவிடம் "போலாமா?" என்று கேட்டால் "எதுக்குப்பா செலவு" என்பார். கேட்காதீர்கள், "ஆறரைக்குக் கிளம்பணும், பூ வச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், அது நல்லதுதான், அவர் நடக்கிற வேகத்துக்கு நீங்களும் நடக்கலாம். கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு சுற்று. அப்படியே ஆவணி மூல வீதி தாண்டி மாசி வீதி. வழியில் தெரிந்தவர்கள் நாலு பேர் நிறுத்தி, "மகன் வந்திருக்கானா?" என்று கேட்பார்கள். நின்று பேசவிடுங்கள், போனை எடுத்துப் பார்க்காதீர்கள். கடையில் சுவர் ஓரமாக, எழுந்திருக்க வேண்டியில்லாத இடத்தில் அவரை உட்காரவையுங்கள். பேரப்பிள்ளைக்கு ஊட்டுகிற வேலையைப் பிள்ளையின் அப்பா பார்க்கட்டும். கண்டிப்பாக அப்பா. மருமகள்களும் அன்றைக்குச் சும்மா உட்காரட்டும். அப்பா இல்லாத வீட்டு அம்மாக்களைச் சேர்த்துக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும்தான். தனியாக இருக்கிற டீச்சர்களையும் கூப்பிடலாம், நாங்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இந்தப் பதிவுக்குக் கீழே "சூப்பர் டீச்சர்", "கண் கலங்கிட்டேன் மிஸ்" என்று யாரும் எழுத வேண்டாம். ஆடி மாதம் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். வந்து, அம்மாவை எந்தக் கடைக்குக் கூட்டிப்போனீர்கள், அவர் தன் வாயால் என்ன கேட்டுச் சாப்பிட்டார் என்று எழுதுங்கள். படம் போட்டால் அதில் அவர் முகம் தெரியவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்