ஆறு தோட்டாவும் அக்காவின் மூன்று நிபந்தனைகளும்

சென்ற டிசம்பரில் ஹியூஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அத்தான் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "தம்பி, ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். குறிபார்த்துச் சுடப் பழகணும். உங்க அக்காகிட்ட நீதான் பேசணும்."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. நான் சிங்கப்பூர்க்காரன். இங்கே அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி. அதைப் பயன்படுத்தினாலோ, பயன்படுத்த முயன்றாலோ மரண தண்டனை. 1973ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அப்படி. துப்பாக்கியோடு எனக்குள்ள ஒரே உறவு தேசிய சேவையில் தூக்கிய எஸ்ஏஆர் 21தான். அங்கேயும் தோட்டாக்களை எண்ணித்தான் கொடுப்பார்கள். சுட்டு முடித்ததும், என்னிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை என்று உறுதி சொன்ன பிறகே திடலைவிட்டு நகரலாம்.

அக்கா மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். மறுக்கவில்லை, ஆனால் மூன்று நிபந்தனை போட்டாள். அவசரமாகச் சுட முடியாத துப்பாக்கியாக இருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது. 13 வயது மகனின் கைக்கு அது ஒருநாளும் எட்டக்கூடாது. "இந்த மூணும் முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா கேரம் போர்டு வாங்குங்க."

முதல் நிபந்தனைக்குப் பதில் கடையிலேயே கிடைத்தது. சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அதுதான். இதில் விசையை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். விசையின் வேலை சுத்தியலை விடுவிப்பது மட்டும். அதனால் இழுப்பு குறுகியதாகவும் லேசாகவும் இருக்கும். குறி கலையாமல் சுட அது பெரிய உதவி. தோட்டா போடுவதும் நிதானம்தான். பக்கவாட்டில் இருக்கும் சிறு கதவைத் திறந்து ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும், வெற்றுக் கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும்.

அத்தானின் கண் 1873ஆம் ஆண்டு வடிவமைப்பான கோல்ட் மீதே இருந்தது. அழகுதான். ஆனால் விலையும் அதிகம், அதில் ஒரு பழைய சிக்கலும் உண்டு. சுத்தியல் முழுக்கக் கீழிறங்கி இருக்கும்போது அதன் முனை தோட்டாவின் மீதே உட்கார்ந்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்தது ரூகர் சிங்கிள் சிக்ஸ். 1953இல் வந்த ரகம், புதிய அமைப்பு 1973இல் வந்தது. சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் இரும்புப் பட்டை; விசையை இழுத்தால்தான் அது மேலெழுந்து அடியைக் கடத்தும். இழுக்காவிட்டால் சுத்தியல் ஊசியைத் தொடாது. பழைய ரூகர் வைத்திருப்பவர்களுக்கு அந்நிறுவனமே இலவசமாக இந்தப் பாகத்தைப் பொருத்தித் தருகிறது. யாராவது பழையதை வாங்கப்போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அத்தானுக்குப் பெரிய .45 ரகத் தோட்டாமேல் ஆசை. கடைக்காரர் .22 போதும் என்றார். தோட்டா மலிவு, சத்தம் குறைவு, கையை உதைக்காது. உதைக்கும் துப்பாக்கியில் பழகத் தொடங்கினால் முதலில் வருவது பயம்தான். குழல் ஆறரை அங்குலம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடினால் குறி பார்ப்பதில் பிழை குறையும். பின்குறியைத் திருகி நகர்த்தவும் முடிந்தது.

திடலில் கண்ணாடி, காதடைப்பான் மாட்டிக்கொண்டு பத்து கஜத் தொலைவில் நின்றேன். ராணுவத்தில் சுட்டவன் என்ற மிதப்பு எனக்கு. ஆறில் நான்கு கீழே போயின. பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கி, எனக்குத் தெரியாமல் சில அறைகளில் மட்டும் தோட்டா போட்டு, உருளையைச் சுழற்றித் தந்தார். சுத்தியலை இழுத்தேன், விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. காலி அறை. ஆனால் குழலின் முனை தானாகக் கீழே குனிந்ததை நானே பார்த்தேன். வராத வெடிக்குப் பயந்து கை முன்கூட்டியே அழுத்தியிருக்கிறது.

மைக் முன்னால் முதல் மாதம் நான் செய்த தவறும் இதுதான். சிவப்பு விளக்கு எரியும் முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குரல் நடுங்கும். மூச்சைப் பாதி விட்டு, அந்த அமைதியில் தொடங்கு என்றார் மூத்த அறிவிப்பாளர். அதையே இங்கும் செய்தேன். அரை மணி நேரத்தில் ஆறு துளையும் ஒரு தோசைக்கல் அளவுக்குள் வந்தன. அத்தானுக்குச் சாசர் அளவுக்குள்! ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரல் வேலை செய்வதால், ஒவ்வொரு முறையும் புதிதாக நின்று, புதிதாகக் குறிபார்க்கிறோம். அதுதான் இதன் சுகம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது தோட்டாகூடத் தீரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அத்தான் எண்பூட்டுப் பெட்டியைப் பெருமையாகக் காட்டினார். "இதை யாராலும் திறக்க முடியாது."

மருமகன் ரசத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "என் பொறந்தநாள்தானேப்பா?"

மேசையில் யாரும் பேசவில்லை. அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. டெக்சஸில் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைப்பது குற்றம். அத்தானுக்கு அது நன்றாகத் தெரியும். தோட்டா வேறு பெட்டியில்தான் இருந்தது. இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சட்டத்தை நினைத்திருக்க மாட்டார்.

அக்கா திட்டவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எண்ணை மாற்றினாள். "இனி சுடணும்னா என்கிட்ட கேளுங்க."

இப்போது மாதம் இருமுறை அத்தான் திடலுக்குப் போகிறார். போகுமுன் அக்கா பெட்டியைத் திறந்து தருகிறாள். வந்ததும் தோட்டாவை எண்ணி வாங்கி வைக்கிறாள். கேட்டபோது எனக்கு என் சார்ஜண்ட் ஞாபகம் வந்தார்.

வீட்டில் பூட்டி வைத்திருக்கும் எதற்காவது பிள்ளையின் பிறந்தநாளைக் கடவு எண்ணாக வைத்திருக்கிறீர்களா? இன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த ஞாயிறு சந்திப்போம்.