ஆள் குடியேறும் முன் அதிகாரி வரட்டும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உத்தனப்பள்ளியைச் சுற்றி ஊர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. தக்காளியும் கொத்தமல்லியும் பூவும் விளைந்த வயல்களின் ஓரத்தில் மூன்று மாடி வாடகைக் கட்டடங்கள் எழுகின்றன. நாகமங்கலம் பக்கம் மின்னணு ஆலை வந்த பிறகு, தருமபுரி, சேலம் மாவட்டத்துப் பெண்களும் ஒடிசா, ஜார்க்கண்ட், பிகார் இளைஞர்களும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். வேலைவாய்ப்பு பெருகுவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வந்தவர்கள் எங்கே, எப்படித் தங்குகிறார்கள் என்பதை அரசு இன்னும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்பகுதியில் சாதாரணமாக வாடகைக்குக் கிடைக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்தடி. ஒரே ஜன்னல், அதுவும் வராந்தாவைப் பார்த்து. கதவோரம் கேஸ் அடுப்பு, அதன் மேலே கொடியில் துணி. பகல் ஷிப்ட் பார்த்தவர் வந்து படுக்கும்போது இரவு ஷிப்ட்காரர் பாயைச் சுருட்டுகிறார். வராந்தாவின் கோடியில் எல்லா அறைகளுக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறைகள். கீழிறங்க ஒரே படிக்கட்டு; அதன் அடியில் பைக்குகள் நிற்கின்றன.

பத்துக்குப் பத்தடி என்றால் 9.3 சதுர மீட்டர். வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அறையின் அகலம், கூரையின் உயரம், வெளிக்காற்றுக்கான திறப்பு, கழிப்பறை, சமையலறை என ஒவ்வொன்றுக்கும் அதில் அளவு உண்டு. தமிழ்நாட்டுக்கென்றே 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இருக்கின்றன. விதிக்குப் பஞ்சமில்லை. கட்டி முடித்த கட்டடம் அந்த விதிப்படி இருக்கிறதா என்று வந்து பார்க்கத்தான் ஆளில்லை.

பார்க்க வேண்டியதில்லை என்று அரசே சொல்லிவிட்டதுதான் வேதனை. 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டர் பரப்புக்குள், எட்டு வீடுகள் வரை உள்ள குடியிருப்புகளுக்கு, கட்டி முடித்ததைப் பார்த்து அதிகாரி தரும் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்று 2024இல் விதி திருத்தப்பட்டது. சொந்த வீடு கட்டும் நடுத்தரக் குடும்பம் மின் இணைப்புக்குக் கேட்கப்படும் அந்தச் சான்றுக்காக அலையக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் உத்தனப்பள்ளி போன்ற இடங்களில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் வாடகைக் கட்டடங்களும் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் அடங்குகின்றன. சொந்தக்காரர் குடியிருக்கும் வீடும், முப்பது பேருக்குப் படுக்கை போட்டு வாடகை வாங்கும் கட்டடமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது பெரிய பிழை.

சோதிக்காமல் விடுவதன் விலை என்ன என்பதை நாம் பார்த்தாயிற்று. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதியில் குளிர்பதனப் பெட்டி வெடித்துப் பெண்கள் உயிரிழந்தார்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014 முதல் தனிச் சட்டம் இருந்தும் அது நடந்தது. ஆண் தொழிலாளர்களின் வாடகை அறைகளுக்கோ அந்தச் சட்டத்தின் காவலும் இல்லை.

நெருப்பு மட்டுமே ஆபத்தன்று. 2025 நவம்பரில் நாகமங்கலம் அருகே பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரிந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். குளியலறை எப்படி அமைகிறது, அங்கே யார் போய்வர முடியும், யார் கண்காணிக்கிறார்கள் என்பதெல்லாம் பெண்ணின் மானத்தோடும் நிம்மதியோடும் சேர்ந்த விஷயம்.

கடுமையான விதி வந்தால் வாடகை ஏறும், சிறு உரிமையாளர் கட்டவே மாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. இதை அலட்சியப்படுத்த முடியாது. கட்டடம் எழுப்புபவர்களில் பலர் உள்ளூர் விவசாயிகள். அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் மாதக்கணக்கில் போராடிய மண் இது. நிலத்தை நம்ப முடியாதவருக்கு வாடகைதான் அடுத்த பிடிப்பு. எனவே தண்டிப்பதோடு நிற்காமல் அரசு துணையும் நிற்க வேண்டும். காற்றோட்டமும் வெளியேற இரண்டு வழியும் உள்ள மாதிரி வரைபடங்களை நகர் ஊரமைப்பு இயக்ககம் இலவசமாகத் தரட்டும். அதன்படி கட்டுவோருக்குக் குறைந்த வட்டிக் கடனும் சொத்துவரிச் சலுகையும் கிடைக்கட்டும். சிக்கனம் என்ற பெயரில் இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

நம்மவர்கள் ஏராளமாக உழைக்கும் சிங்கப்பூர், கொரோனா காலத்தில் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவியதைக் கண்டு பாடம் கற்றது. புதிய விடுதிகளில் ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று 2021இல் அறிவித்தது. அந்தக் கணக்கில் உத்தனப்பள்ளியின் பத்துக்குப் பத்தடி அறையில் இரண்டு பேர்தான் தங்கலாம். அங்கே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இடம், இங்கே பிறர் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

தமிழக அரசால் முடியாததும் அல்ல. 706 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகளுடன் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் படுக்கைக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. இருபது வயதில் விடுதிக்கு வந்த பெண் திருமணமாகிக் குழந்தையோடு வேலையைத் தொடர நினைத்தால் அவளுக்கு வீடு வேண்டும். பக்கத்தில் அங்கன்வாடியும் பள்ளியும் வேண்டும். குடும்பத்துக்கு இடம் தராத தொழிற்பேட்டை, பெண்களை நான்கைந்து ஆண்டுகளில் திருப்பி அனுப்பிவிடும்.

எனவே நாம் கேட்பது இவை. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வாடகைக்கு விடும் எந்தப் பல வீட்டுக் கட்டடத்துக்கும் பணி நிறைவுச் சான்று விலக்கு கூடாது. ஆள் குடியேறும் முன் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். தீத்தடுப்பை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தலைக்கு இத்தனை இடம், இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, படுக்கும் இடத்துக்கு வெளியே சமையல், வெளியேற இரண்டு வழி என்பவை கட்டாயமாக வேண்டும். அனுமதித்த ஆள் எண்ணிக்கையை வாசலில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். போர்வெல்லின் நீரும் செப்டிக் டேங்கின் கொள்ளளவும் அந்த எண்ணிக்கைக்கு ஈடுகொடுத்தால்தான் அனுமதி என்றாக வேண்டும். புதிதாகத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே குடும்ப வீடுகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

ஆலைக்கு ஒற்றைச் சாளரத்தில் விரைவாக அனுமதி தரத் தெரிந்த அரசுக்கு, அந்த ஆலையில் உழைப்பவரின் அறையைச் சோதிக்கவும் ஆள் அனுப்ப முடியும். மாவட்ட ஆட்சியர் இப்போதுள்ள வாடகைக் கட்டடங்களைக் கணக்கெடுக்கும் பணியை உடனே தொடங்கட்டும். விலக்கை நீக்கும் அரசாணை சென்னையிலிருந்து தாமதமின்றி வரட்டும்.