இழுக்கும்... ஆனால் தாங்குமா?

கனநாளைக்குப் பிறகு ஒரு பதிவு. பரீட்சை முடிந்துவிட்டது, கோடை வந்துவிட்டது, ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலருக்குப் புதிதாக ஒரு ஆசையும் வந்துவிட்டது. பிக்கப் ட்ரக்குக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு வான்கூவர் வரைக்கும் போய் வருவது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, சக்கரம் பூட்டின வீடு. ஹோட்டல் காசு மிச்சம். புட்டும் சம்பலும் கூடவே வரும். நல்ல ஆசைதான். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் கோபமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் ஆசையின்மேல் இல்லை. ஒரு இலக்கத்தின்மேல்.

பிக்கப் ட்ரக் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். மலை, ஏரி, புழுதி கிளப்பும் ட்ரக், பின்னால் ஒரு பெரிய ட்ரெய்லர். கூடவே கொட்டை எழுத்தில் ஒரு இலக்கம்: இவ்வளவு ஆயிரம் கிலோ இழுக்கும்! ட்ரெய்லர் விற்கிற இடத்துக்குப் போனாலும் அதே இலக்கம்தான். "உங்கட ட்ரக் 4,300 இழுக்கும். இந்த ட்ரெய்லர் வெறுமனே 2,450 தான். பிரச்சினையே இல்லை" என்று சொன்னார் ஒருவர். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எந்தக் கடை, யார் என்பது இங்கே தேவையில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இழுக்கும், உண்மைதான். ஆனால் தாங்குமா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்காமல்தான் வரப் பார்த்தோம். பிறகு நான் கேட்டேன். பதில் வரவில்லை. வேறு ட்ரெய்லர் ஒன்றின் நிறம்தான் காட்டப்பட்டது.

விசயத்துக்கு வருவோம். ட்ரக்கின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ரயர் காற்றழுத்தம் எழுதியிருக்குமே, அதே ஸ்டிக்கர்தான். அதில் ஏறுகிற ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேலே போகவே கூடாது என்று ஒரு வரி இருக்கும். அது அந்த மாடலுக்குப் பொதுவாகச் சொன்ன கணக்கு இல்லை, உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற அந்த ஒரு வாகனத்துக்குரியது. கூரைக் கண்ணாடி, சொகுசு இருக்கை என்று விலை கூடக் கூட அந்த இலக்கம் பெரும்பாலும் குறைந்துகொண்டு போகும். ஏனென்றால் அந்தச் சொகுசுக்கும் எடை உண்டு.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. நான் கொமர்ஸ் படிக்கிறவன், கணக்கு எழுதாமல் நித்திரை வராது :-)

ஸ்டிக்கரில் இருப்பது 650 கிலோ. அதுதான் எங்கள் வரவு. இனிச் செலவு. அப்பா 82, அம்மா 66, அப்பம்மா 54, நான் 70, தம்பி 68. ஆட்கள் மட்டும் 340 கிலோ. ட்ரெய்லரைக் கொழுவுகிற ஹிட்ச், அதனுடைய கம்பிகளோடு 40. பின்பெட்டியில் போகிற குளிர்ப்பெட்டி, சிறிய ஜெனரேற்றர், ஆயுதப்பெட்டி, அரிசி மூட்டை எல்லாமாக 90. கூட்டினால் 470. மிச்சம் 180 கிலோ.

இங்கேதான் விசயம் இருக்கிறது. ட்ரெய்லர் தன் சக்கரத்தில்தானே ஓடுகிறது, ட்ரக்குக்கு என்ன பாரம் என்று நினைப்பீர்கள். அதன் மூக்கு ட்ரக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அந்த மூக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கூடினால் ட்ரக்கின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் பிடிமானத்தை இழக்கும். ஆகவே அது தவிர்க்க முடியாத செலவு. இரட்டைப் பதிவு மாதிரித்தான், ட்ரெய்லர் சக்கரத்தின் கணக்கில் கழிந்தது ட்ரக்கின் கணக்கில் ஏறியே தீரும். ஐந்தொகை பொய் சொல்லாது.

நடுவாக 12 சதவீதம் எடுப்போம். எங்களிடம் மிச்சம் இருப்பது 180 கிலோ. அப்படியென்றால் நாங்கள் கொழுவக்கூடிய ட்ரெய்லர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, 1,500 கிலோ. விளம்பரம் சொன்னது 4,300. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்!

கடைக்காரர் காட்டிய 2,450 என்பதும் முழு எடை இல்லை. அது தொழிற்சாலையை விட்டு வெளிக்கிடும்போது உள்ள வெற்று எடை. தண்ணீர், பாத்திரம், படுக்கை, உடுப்பு, பிறகு பூட்டுகிற பற்றரி என்று பலதும் பெரும்பாலும் அதில் இருக்காது. 150 லீற்றர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ. எல்லாம் ஏற்றினால் 3,000 சுலபமாக வந்துவிடும். அதில் 12 சதவீதம் 360 கிலோ. எங்களிடம் இருந்தது 180. அந்த "பிரச்சினையே இல்லை" ட்ரெய்லரைக் கொழுவியிருந்தால் ஸ்டிக்கர் எல்லையை 180 கிலோவால் தாண்டியிருப்போம். ஒரு கிலோமீற்றர்கூட ஓடாமல், வீட்டு வாசலிலேயே.

அப்ப அந்த 4,300 எங்கிருந்து வந்தது? முன்பு ஒவ்வொரு கொம்பனியும் தனக்குப் பிடித்த மாதிரிச் சோதித்து ஒரு இலக்கம் சொன்னது. 2008 இல் எஸ்.ஏ.ஈ. என்கிற வாகனப் பொறியியலாளர் சங்கம் ஜே2807 என்று ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து அதைப் பின்பற்றியது. மற்றப் பெரிய ட்ரக் கொம்பனிகள் பல வருடம் இழுத்தடித்துத்தான் வந்து சேர்ந்தன. அளவுகோல் வந்தது நல்லது, அரிசோனாவில் உள்ள டேவிஸ் அணைக்கட்டு ஏற்றம் வரைக்கும் வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ட்ரக்குக்குள் இருப்பது சாரதியும் பக்கத்தில் ஒருவரும்தான். ஆளுக்கு 150 றாத்தல், அதாவது 68 கிலோ. அப்பம்மா இல்லை, பின்சீற்றில் தம்பி இல்லை, அரிசி மூட்டை இல்லை. குடும்பம் இல்லாத ஒரு ட்ரக்கின் இலக்கத்தைக் குடும்பம் சிரிக்கிற படத்தின் கீழே போட்டு விற்கிறார்கள். இதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். சட்டப்படி ஏமாற்று இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

வீடு வாங்கின ஆட்களுக்கு இது விளங்கும். வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது ஒன்று. மாதம் மாதம் எங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பது வேறொன்று. முதலாவது இலக்கத்தை நம்பி வீடு வாங்கியவன் படுகிற பாட்டை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த விசயத்தில் இவ்வளவு உசாராக இருக்கிற ஆட்கள் ட்ரெய்லர் என்றதும் ஏன் மயங்குகிறார்கள்?

"சும்மா பயப்படுத்தாதை, எத்தனை பேர் இழுத்துக்கொண்டு போகினம், ஒண்டும் நடக்கேல்லை" என்பது முதல் எதிர்வாதம். ஒன்றும் நடக்காதவர்கள்தான் கலியாண வீட்டில் கதை சொல்லுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் றோட்டை யோசியுங்கள். இங்கிருந்து வான்கூவருக்குக் கனடாவுக்குள்ளாலேயே போனால் கிட்டத்தட்ட 4,400 கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரிக்கரையால் போகிற 17 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பெரும்பகுதி போக ஒரு பாதை, வர ஒரு பாதைதான். எதிரே பெரிய லொறி ஒன்று விசுக்கென்று கடக்கும்போது காற்று ட்ரெய்லரை முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலம் பழுதானபோது நாட்டின் கிழக்கையும் மேற்கையும் கனடாவுக்குள் இணைக்கிற றோட்டே அடைபட்டது. அவ்வளவு மாற்றுவழி இல்லாத பாதை அது. பிறகு சமவெளிக் காற்று. பிறகு 1,600 மீற்றருக்கு மேல் ஏறுகிற கிக்கிங் ஹோர்ஸ் கணவாய். கடைசியில் கொக்கிஹாலா இறக்கம். பிரேக் விட்டுப்போன வாகனம் ஓடி ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிப்பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். சும்மா வெட்டி வைப்பார்களா? ஏற்றத்தில் இழுப்பது இயந்திரத்தின் வேலை. இறக்கத்தில் நிறுத்துவதும், காற்றில் நேராக வைத்திருப்பதும் பிரேக், ரயர், ஸ்பிரிங், அச்சு எல்லாவற்றின் வேலை. விளம்பர இலக்கம் இதையெல்லாம் ஒரே சொல்லில் மூடிவிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம்: "எடையைப் பகிர்கிற ஹிட்ச் போட்டால் சரி, காற்றுப்பை பூட்டினால் சரி." அந்த ஹிட்ச் நல்ல சாமான், போடத்தான் வேண்டும். பின்னச்சில் குவிகிற பாரத்தை முன்னச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும். காற்றுப்பை ட்ரக்கின் முதுகை நிமிர்த்தும். ஆனால் கதவில் இருக்கிற 650 ஐ இரண்டும் 651 ஆக்காது. கூனை நிமிர்த்தினால் வயது குறையாது.

மூன்றாவது எதிர்வாதத்தைச் சொன்னவர் அப்பா: "லைசென்ஸ் இருக்குத்தானே?" இருக்கிறது. ஒன்ராறியோவில் சாதாரண ஜீ லைசென்ஸோடு 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம். அதற்கென்று தனிப் பரீட்சை கிடையாது. எங்கள் மாமா லொறி ஓட்டுகிறவர். நிறுவைத் தரிப்பிடம் திறந்திருந்தால் அவர் உள்ளே போயே ஆக வேண்டும், எடை கூடினால் தண்டம். பக்கத்துப் பாதையில் எல்லை தாண்டிய குடும்ப ட்ரெய்லர் கையசைத்துக்கொண்டு போகும், அதை அங்கே வழக்கமாக யாரும் கூப்பிடுவதில்லை. பயிற்சி பெற்றவனை நிறுத்து நிறுத்துப் பார்க்கிற அரசாங்கம், நேற்றுக் கொழுவப் பழகினவனை நம்பி விட்டுவிடுகிறது. இது என்ன நியாயம்? மாமாவின் லொறியில் ஒருவர் இருக்கிறார், எங்கள் ட்ரக்கில் ஐந்து பேர்.

ஆகவே நான் கேட்பது இரண்டு.

ஒன்று, விற்கிறவர்களிடம். இழுக்கும் எடையைப் போடுகிற அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், ஐந்து பேர் ஏறினால் எவ்வளவு என்றும் போட வேண்டும். உணவுப் பெட்டியில் சீனி எவ்வளவு என்று போட வைக்க முடிந்த நாட்டில் இதைச் செய்விக்க முடியாதா?

இரண்டு, எங்களிடம். பயணத் திட்டத்தை வரைபடத்தில் தொடங்காதீர்கள், தராசில் தொடங்குங்கள். எந்த முகாம், எந்த நீர்வீழ்ச்சி என்பதெல்லாம் பிறகு. முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களை நிறுங்கள் (சித்திமார் உண்மையான எடையைச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை). மிச்சத்தை 0.12 ஆல் வகுங்கள். வருகிற இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதோடு பின்னச்சு, ஹிட்ச், ரயர் ஒவ்வொன்றுக்கும் உள்ள எல்லையையும் பாருங்கள், எது ஆகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ட்ரெய்லர் ரயர்கள் பல மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை இல்லை என்பதையும் மறக்காதீர்கள். புறப்பட முன்னம் லொறித் தரிப்பிடத்தில் இருக்கிற பெரிய தராசில் எல்லாம் ஏற்றி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பகிர்வுக் கம்பிகளைத் தளர்த்திக் கொழுவியபடி ஒரு நிறுவை, கழற்றிவிட்டு ட்ரக் மட்டும் ஒரு நிறுவை. ட்ரக்கின் அச்சுகளில் வருகிற வித்தியாசம்தான் மூக்குப் பாரம். ஒரு பீட்சா காசுக்குள் முடிகிற வேலை.

எங்கள் வீட்டில் என்ன முடிவு என்று கேட்பீர்கள். 1,500 கிலோவுக்குள் ஐந்து பேர் படுக்கக்கூடியது என்றால் மடித்து விரிக்கிற கூடார ட்ரெய்லர்தான். இணையத்தில் படம் காட்டினேன். அப்பம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒருக்கா கூடாரத்தில படுத்தது காணும் ராசா" என்றார். அதற்குமேல் யாரும் கதைக்கவில்லை. இப்போது அம்மாவும் அப்பம்மாவும் பின்னால் காரில் வருவதாகத் திட்டம். 120 கிலோ குறைந்தது, மிச்சம் 300 ஆனது. கணக்குப்படி 2,500 கொழுவலாம். நாங்கள் 2,000 க்குள் நிற்கிற, சுவர் உள்ள ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்குத் தேடுகிறோம். மூக்குக்கு 240 போக 60 கிலோ கையிருப்பு. இரண்டு வாகனத்துக்கும் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று அப்பா முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். அந்த 60 கிலோவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பி.கு: ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் ட்ரக் பிரேக்கில் காலை வைக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரை விட்டு, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாவாவுக்கு அப்பால் தேடக் கூடாது.