வானத்து வெடியும் ஆலை வெடியும்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடி என்றால் பிழைப்பு. சில வேளைகளில் வெடி என்றால் சாவு. வானத்திலும் வெடி உண்டு. அந்த வெடி நடந்திராவிட்டால் மனித குலமே இல்லை!

கம்பி மத்தாப்பில் பூப்பூவாகச் சிதறுவது இரும்புத் தூள். அந்த இரும்பு பூமிக்கு எப்படி வந்தது? நட்சத்திரங்கள் கொடுத்தது என்கிறது விஞ்ஞானம்.

ஆதியில் இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் இரண்டு வாயுக்களே. மற்றவற்றில் பெரும்பகுதி நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து உண்டானது. பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் உள்ளே இடிந்து, வெடித்துச் சிதறுகிறது. பிராண வாயுவையும் மெக்னீசியத்தையும் வாரி இறைக்கிறது.

இன்னொரு வகை வெடியும் உண்டு. செத்துச் சுருங்கிய நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்துக் கனக்கிறது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடையை நெருங்கினால் வெடித்து விடக்கூடும். இரும்பை மிகுதியாகத் தருவது இந்த வகைதான். அந்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1930-ல் கணக்கிட்டவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்! அப்போது அவருக்கு வயது 19. 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

சிதறிய பொருள் எங்கே போகிறது? பெர்சியஸ் என்னும் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் உள்ளன. அவற்றின் நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூடுள்ள வாயு பரவியிருக்கிறது. அந்த வாயுவில் இரும்பு கலந்திருப்பது 1976-ல் தெரிய வந்தது. 2016-ல் ஜப்பானின் ஹிட்டோமி விண்கலம் மேலும் கூர்ந்து பார்த்தது. இரும்பு, நிக்கல், குரோமியம், மாங்கனீசு ஆகியவை சூரியனில் உள்ள அதே விகிதத்தில் அங்கும் இருந்தன. 24 கோடி ஒளி ஆண்டுக்கு அப்பாலும் இதே சமையல்தான்!

மனிதனின் இரத்தத்தில் ஓடுவதும் அந்த இரும்புதான். ஒரு தொழிலாளியின் உடலுக்கு வேண்டிய பொருளைச் சேர்க்க வானத்துக்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆயின. அதை அழிக்க ஒரு பொறி போதும். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் ஆலை வெடித்து, 20 பேருக்கு மேல் மாண்டனர்.

வானத்து வெடியை யாராலும் தடுக்க முடியாது. ஆலை வெடியைத் தடுக்க முடியும். மருந்துக் கலவையில் அவசரம் கூடாது. ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆட்களை அடைக்கக் கூடாது. உள்குத்தகைக்கு விடக் கூடாது. விதிகள் ஏட்டில் இருந்தால் போதாது. ஆலைக்குள் இருக்க வேண்டும்.

மத்தாப்பு ஒளி வீசட்டும். அதைச் செய்த கை, மாலையில் பத்திரமாக வீடு திரும்பட்டும்!