டி.சி.யோடு ஒரு தாளும் கொடுங்க!



பொதுத்தேர்வில் மணி அடிச்சு நாமெல்லாம் பேப்பரைக் கொடுத்திட்டு வெளியே வந்த பிறகும், ஒரு அறையில் மட்டும் ஒருத்தன் எழுதிக்கிட்டு இருப்பான். "அவனுக்கு மட்டும் என்னல ஸ்பெஷல்?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அவனுக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும்தான் சிரமம், அறிவில் குறைவில்லை மக்கா! அதற்காகத்தான் நம் தேர்வுத்துறை கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகை தருகிறது. சலுகை என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டவனைப் பார்த்து "உனக்குச் சலுகை" என்று யாராவது சொல்லுகோமா?

சரி, பிளஸ் டூ முடிஞ்சு டி.சி. வாங்கின அன்னைக்கு டிஸ்லெக்சியாவும் முடிஞ்சு போகுமா?

2021 செப்டம்பரில் ஒரு மாணவி நீட் எழுதினாள். கையால் எழுதுவதில் சிரமம் தரும் டிஸ்கிராஃபியா அவளுக்கு. 40 சதவீதம் என்று சான்றிதழும் இருந்தது. ஆனாலும் தேர்வு மையத்தில் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நவம்பரில் தீர்ப்பு வந்தது: கொடுக்காதது தவறு, அது அவள் உரிமை. ஆனால் மறுதேர்வு கிடையாது, வேறு பரிகாரம் பாருங்கள் என்று தேர்வு முகமைக்குச் சொன்னார்கள். போன ஒரு மணி நேரம் போனதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் வருடச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ஆம் வருடச் சட்டத்தில் அது 21 ஆனது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் சேர்ந்தன. (ஏ.டி.எச்.டி. மட்டும் தனிப்பெயராக அதில் இல்லை. அது எனக்குக் குறையாகத்தான் தெரியுது.) 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். ஆனால் கடலுக்குப் போற அப்பாவுக்கும் முந்திரி ஆலைக்குப் போற அம்மாவுக்கும் இதையெல்லாம் யாரு சொல்லுவா?

பள்ளிக்கூடம்தான் சொல்லணும். சான்றிதழ், யு.டி.ஐ.டி. அட்டை எடுத்தாச்சா என்று பத்தாம் வகுப்பிலேயே கேட்கணும். பிறகு டி.சி.யோடு ஒரு தாள். இவனுக்கு எது நல்லா வரும், வாயால் சொன்னால் போதுமா, எழுதிக் காட்டணுமா, எந்த இடம் ஒத்துக்காது என்று கூடப் படிச்ச டீச்சருக்குத் தெரிஞ்சதை, அவனையும் வீட்டையும் கேட்டு அதில் எழுதிக் கொடுக்கலாம். கல்லூரியில் அந்தத் தாளைக் காட்டுவதும் காட்டாததும் அவன் விருப்பம்.

இன்னொன்று. சத்தம் தாங்காத ஒருத்தன் ஐ.டி.ஐ. பட்டறையில் முதல் நாளே காதைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தால், "இவன் எதுக்கும் லாயக்கில்லை" என்று ஊரே சொல்லும். முன்கூட்டியே கோணம் ஐ.டி.ஐ.க்கு ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டியிருந்தால் ஃபிட்டர் வேண்டாம், வேறு பிரிவு பார்ப்போம் என்று அவனே சொல்லியிருப்பான். நாகர்கோவிலுக்கு ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான் செலவு!

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆசிரியர்கள் இதை எடுத்துப் பேசணும். தாளின் மாதிரியைத் தயார் பண்ண நானும் என் கூட்டுக்காரிகள் ரெண்டு பேரும் ரெடி.

– பிளஸ் டூ 'பி' பிரிவு மாணவி