நம்பிக்கை என்ன இலவசமா?

இடிந்த குடிசைக்கு முன்னால் ஒரு சிறுமி புத்தகப் பையுடன் சிரித்துக் கொண்டு நிற்பாள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் நம்மவர்களுக்கு உள்ளம் உருகிவிடும். "இந்தக் கஷ்டத்திலும் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!" என்பார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் குடிசையை இடித்தது யார், எந்த மாதத்தில் இடித்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்னையையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்ட்ரல் அருகே கூவக் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 டிசம்பரில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கல்வியாண்டின் சரிபாதியில்! பள்ளி ஒரு மூலையில், வீடு சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மூலையில். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தது 2022 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அதே மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடந்து கொண்டிருந்தன.

"ஆற்றங்கரையில் வெள்ளம் வராதா? அரசாங்கம் பக்கா வீடு தருகிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து எடுக்கும் முடிவு, பரீட்சை முடியும் வரை காத்திருக்கக் கூடாதா? காலி செய்ய நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்குப் பள்ளிக் காலண்டரைப் பார்க்கத் தெரியாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தை எந்தக் காரணத்துக்காக இடம் மாறினாலும் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. தாமதமானது என்பதைக் காட்டிப் புதிய பள்ளியில் சேர்க்க மறுக்கவும் கூடாது. ஆனால் புதுப் பள்ளியில் தனக்கு ஓர் இடம் உண்டா என்று தேடி அலையும் வேலை, அன்றாடக் கூலிக்குப் போகும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. அவர் ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராது.

1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான். வாழ்விடம் என்றால் நான்கு சுவர் மட்டுமா? பேர் சொல்லிக் கூப்பிடும் டீச்சர், பக்கத்தில் உட்காரும் தோழி, சாயங்காலம் விளையாடும் தெரு, இவையும் சேர்ந்தால்தானே வாழ்விடம்? குழந்தையின் நம்பிக்கை வானத்திலிருந்து குதிப்பதில்லை. நாளைக்கும் இதே பெஞ்சில் உட்காருவோம் என்ற சின்ன நிச்சயத்திலிருந்துதான் அது முளைக்கிறது.

கேட்பது பெரிய விஷயமே இல்லை. மாற்றியே ஆக வேண்டுமானால், ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு மாற்றுங்கள். வீட்டுச் சாவியைக் கொடுக்கும் அன்றே பள்ளிச் சேர்க்கைச் சீட்டையும் கையில் கொடுங்கள். இரண்டையும் செய்ய முடியாதென்றால், வீட்டை இடிக்காதீர்கள்.

அந்தச் சிறுமி சிரிக்கிறாள், உண்மைதான். அது அவளுடைய சம்பாத்தியம். அதை அரசாங்கமும் நாமும் நமது வரவில் எழுதிக் கொள்வதற்குப் பெயர் பாராட்டு அல்ல, கள்ளக் கணக்கு!