வாடகைப் பாத்திரத்தில் சமைப்போம்

என் தந்தையார் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கச் செல்பவர். பொழிச்சலூரிலோ பம்மலிலோ காதுகுத்து, சீமந்தம் என்றால் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி, வாடகைக்கு எடுத்த அண்டாவில் சமைப்பார். வீட்டுக்காரரின் அடுப்பங்கரையில் கால் வைக்கமாட்டார். பந்தி முடிந்ததும் பாத்திரங்கள் கடைக்குத் திரும்பிவிடும்; அடுப்பங்கரை காலையில் இருந்தபடியே இருக்கும். கணினியிலும் நாம் அவ்வாறே சமைக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாணவ நண்பர்களே! இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அத்தை மகன் பின்னாளில் பெற்று, வேலைக்குப் போனதும் எனக்குத் தந்தது. அதில் உபுண்டு போட்டிருந்தேன். முதலாண்டில் ஒரு பயிற்சிக்குப் புதிய பைத்தான் தேவைப்பட்டது. புதியதை நிறுவிவிட்டு, 'பழையது எதற்கு?' என்று நீக்கினேன். கூடவே எவையெல்லாம் போகும் என்று திரை காட்டிய நீண்ட பட்டியலைப் படியாமலே 'சரி' என்றேன். மறுமுறை இயக்கினால் கருந்திரையில் வெறும் எழுத்துகள்! கணினியின் பல உறுப்புகள் அந்தப் பழைய பைத்தானை நம்பியே நின்றிருந்தன. தங்கையின் பொதுத்தேர்வுக் குறிப்புகளும் அதற்குள்தான் இருந்தன. எங்கள் வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூத்த மாணவர் ஒருவர் பென் டிரைவ் கொண்டு கணினியை இயக்கிக் குறிப்புகளை மீட்டுத் தந்தார். 'டாக்கர்' என்ற பெயரை அவரிடந்தான் முதலில் கேட்டேன்.

2013-இல் வெளிவந்த இக்கருவி, துறைமுகக் கண்டெய்னரின் கருத்தைக் கணினி உலகில் பரவலாக்கியது. பைத்தானும் அதன் துணை நூலகங்களும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். நம் திட்டத்தின் கோப்புறை மட்டும் வெளியிலிருந்து உள்ளே காட்டப்படும். வேலை முடிந்ததும் பெட்டியை அழித்துவிடலாம். இரண்டு திட்டங்களுக்கு இரண்டு பைத்தான் வேண்டுமெனில் இரண்டு பெட்டிகள், சண்டை இல்லை. லினக்சில் பெட்டிகள் தாய்க்கணினியின் கருவையே பகிர்ந்துகொள்வதால் என் 4 ஜி.பி. நினைவகத்திலும் ஓடுகின்றன. விண்டோசில் அடியில் ஒரு மெய்நிகர் லினக்சும் ஓடவேண்டியிருப்பதால் அதே நினைவகம் திணறும்.

'தானே நிறுவிப் பழகாதவன் எதைக் கற்பான்?' என்கிறார் என் வகுப்புத் தோழர். அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆயின் ஒரே கணினி உள்ள வீட்டில் பழகிப் பார்க்கும் துணிவு யாருக்கு வரும்? பெட்டிக்குள் எதை உடைத்தாலும் ஒரு கட்டளையில் புதுப்பெட்டி வந்துவிடுகிறது. நான் உடைத்துக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். (கோப்புறையை மட்டும் மறந்துவிடாதீர்கள், அதில் அழித்தது அழித்ததுதான்.)

உண்மையான இடைஞ்சல் வேறு. சில பெட்டிகளின் மூலப்படிவம் பல நூறு எம்.பி. இருக்கும், அலைபேசியின் அன்றாட டேட்டா அதிலேயே கரைந்துவிடும். அதற்கும் வழியுண்டு. ஒருமுறை இறக்கியதைக் கோப்பாகச் சேமித்து வேறு கணினியில் ஏற்றலாம், இணையம் வேண்டியதில்லை. நம் துறை ஆய்வகத்தில் செய்முறைப் பாடங்களுக்கான படிவங்களை ஒரு கணினியில் வைத்தால், ஆளுக்கொரு பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகலாமே! ஆய்வகத்தில் ஓடிய நிரல் வீட்டில் ஓடவில்லை என்ற புலம்பலும் பெரும்பாலும் தீரும். முதற் படிவத்தை இறக்கித்தர என் டேட்டாவில் ஒருநாள் பங்கைக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன்.